'இயல்பான வடிவம் 3%': அந்த எண் ஸ்லைடில் எப்படி உருவாகிறது?

விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'இயல்பான வடிவம் 3%' என்று ஒரு வரி இருந்தால் போதும், வாங்கிப் படிப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். அப்படியானால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பழுதா என்று மனம் உடனே கணக்குப் போடும். எல்லைக்கோடே 4% தான் என்று யாராவது சொன்னாலும் ஆறுதல் வராது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே பெரிய பள்ளம் ஒன்று இருப்பதாகவும், தான் அதன் தவறான கரையில் நிற்பதாகவும் தோன்றும்.

அந்த எண் விந்தணுவை மட்டும் அளந்து வருவதில்லை. ஒரு துளி விந்தைக் கண்ணாடியில் இழுத்து, உலர்த்தி, ஆல்கஹாலில் ஊறவைத்து, வரிசையாகப் பல சாயங்களில் முக்கி எடுத்த பிறகு மிஞ்சும் உருவத்தைத்தான் டெக்னீஷியன் பார்க்கிறார். நீந்திக்கொண்டிருந்த அணு ஸ்லைடில் சாயம் ஏறிய அணுவாக மாறும் வரை கடக்கும் ஒவ்வொரு படியும் அதன் அளவையோ நிறத்தையோ வாலின் வளைவையோ கொஞ்சம் மாற்றுகிறது. ஆகவே அந்த வரியைப் புரிந்துகொள்ள, மருத்துவரின் அறைக்கு முன்னால் லேப் மேசையைப் பார்ப்பது நல்லது.

எதை அளக்கிறார்கள்? பாப் சாயம் (பாப்பனிகொலாவ் என்ற முறையில் ஏற்றும் சாயம்) ஏறிய ஸ்லைடில், இயல்பான தலை என்பது வழவழப்பான விளிம்புள்ள முட்டை வடிவம். நீளம் சுமார் 4.1 மைக்ரோமீட்டர், அகலம் 2.8. ரத்தச் சிவப்பணு ஒன்றின் குறுக்களவில் ஏறக்குறைய பாதிதான் அந்த நீளம். தலையின் முன்பக்கத்தை மூடியிருக்கும் அக்ரோசோம், தலைப் பரப்பில் 40 முதல் 70 சதவீதம் இருக்க வேண்டும். தலைக்குள் வெற்றுக் குமிழ்கள் இருந்தால் சிறியவையாக இரண்டு வரை பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால் பழுது. நடுப்பகுதி ஏறத்தாழ தலையின் நீளமே இருந்து, மெலிதாக, தலையின் அச்சோடு நேராகப் பொருந்த வேண்டும். வால் சுமார் 45 மைக்ரோமீட்டர், கூர்மையாக ஒடியாமல். இவற்றில் எதிலாவது சந்தேகம் வந்தால் அந்த அணு பழுது என்றே எண்ணப்படும். 'ஏறத்தாழ சரி' என்று ஒரு மூன்றாவது பெட்டி கிடையாது.

இந்தக் கண்டிப்பு எப்போதும் இருந்ததில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் விந்துப் பரிசோதனைக் கையேடு 1980-இல் முதலில் வந்தது. 1987 பதிப்பில் இயல்பான வடிவத்துக்கான எல்லை 50%. 1992-இல் அது 30% ஆனது. 2010-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் 4%. 2021-இன் ஆறாம் பதிப்பிலும் அதே 4%. இந்த வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆண்களின் விந்தணுக்கள் இருபது வருடத்தில் பன்னிரண்டு மடங்கு கெட்டுவிட்டன என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இறுகியது அளவுகோல். தென்னாப்பிரிக்காவின் டைகர்பெர்க் மருத்துவமனையில் தீனஸ் க்ரூகரின் குழு 1980-களில் 'கண்டிப்பான அளவுகோல்' என்ற முறையைக் கொண்டுவந்தது. உறவுக்குப் பின் பெண்ணின் கருப்பை வாய்ச் சளிக்குள் ஏறிச் சேர்ந்திருக்கும் அணுக்கள் எப்படி இருக்கின்றனவோ அதுவே இயல்பு, மற்றதெல்லாம் இயல்பல்ல என்பது அதன் அடிப்படை. அந்தச் சளி ஒரு சல்லடை. அதைத் தாண்டியவை கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். இன்றைய 4% வந்த வழி இன்னொன்று: துணைவி 12 மாதத்துக்குள் கருவுற்ற ஆண்களை எடுத்து, அவர்களில் கடைசி 5 சதவீதத்தினர் எங்கே பிரிகிறார்களோ அங்கே கோடு போட்டார்கள். இயல்பாகத் தந்தையானவர்களிலேயே இருபதில் ஒருவர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருந்தார் என்று அர்த்தம். ரிப்போர்ட்டின் ஓரத்தில் இதை யாரும் அச்சடிப்பதில்லை.

இனி மேசைக்கு வருவோம். வெளிவந்த விந்து முதலில் கூழ் போலக் கட்டியாக இருக்கும். புராஸ்டேட் சுரப்பின் நொதிகள் அதைக் கரைத்து நீர்க்கச் செய்ய வழக்கமாக 15 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு மணி நேரம் வரை காத்திருக்கலாம். நீர்க்கும் முன்னால் ஸ்மியர் போட்டால், அதாவது ஸ்லைடில் மெல்லிய படலமாக இழுத்தால், அணுக்கள் கட்டிகளுக்குள் சிக்கிக்கொள்ளும். நீர்த்த பிறகும் விந்து சீரான திரவமல்ல. ஒரு மூலையில் அணுக்கள் அடர்ந்தும் இன்னொரு மூலையில் அருகியும் இருக்கும். நன்றாகக் கலக்காமல் எடுத்த துளி அந்த மூலையை மட்டுமே பிரதிநிதிப்படுத்தும். கலக்குவதற்கும் முறை உண்டு: பாத்திரத்தை மெதுவாகச் சுழற்றலாம், அகன்ற வாயுள்ள பிப்பெட்டால் நிதானமாக உறிஞ்சி விடலாம். வோர்டெக்ஸ் இயந்திரத்தில் வைத்துக் கலக்கி நுரை எழுப்பினால் அணுக்கள் சேதமாகும்.

மாதிரி எடுத்த பாத்திரத்தில் ஈரம் இருந்ததா என்பதுகூட இங்கே முக்கியம். விந்தணுவின் உள்ளே இருக்கும் உப்புச் செறிவைவிட வெளியே குறைந்தால் தண்ணீர் உள்ளே நுழைந்து வால் சுருண்டுகொள்ளும். இந்தப் பண்பை வைத்தே, உயிருள்ள அணுக்களை அடையாளம் காணும் தனிப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. கழுவிவிட்டுத் துடைக்காத டப்பாவிலும் அதே வேலை நடக்கும். ஸ்லைடில் 'வால் பழுது' என்று பதிவாகும். கெட்டது வால் அல்ல, டப்பா.

அடுத்து ஸ்மியர். ஒரு முனை சொரசொரப்பான கண்ணாடி ஸ்லைடை எடுத்து, பஞ்சு இழை ஒட்டாத தாளால் துடைத்து, அந்தச் சொரசொரப்பில் பென்சிலால் அடையாள எண் எழுதுவார்கள். பேனா கூடாது, பின்னால் வரும் ஆல்கஹாலில் மை கரைந்து ஓடிவிடும். எண் அழிந்த ஸ்லைடு யாருடையதென்று சொல்ல முடியாது. பிறகு 5 முதல் 10 மைக்ரோலிட்டர் விந்தை ஒரு முனையில் வைத்து, இரண்டாவது ஸ்லைடை 45 பாகைச் சாய்வில் கொண்டுவந்து துளியைத் தொட வேண்டும். தொட்டதும் துளி அந்த விளிம்பு முழுக்கப் பரவும். அதன்பின் சாய்ந்த ஸ்லைடை ஏறத்தாழ ஒரு விநாடியில் மறுமுனை வரை இழுத்தால் திரவம் பின்னால் மெல்லிய படலமாக வரும். திரவத்தை முன்னால் தள்ளக்கூடாது, பின்னால் இழுத்துவர வேண்டும். தள்ளினால் வால்கள் முறியும்.

கேட்க எளிதாக இருக்கிறது. கையில் வர நாளாகும். துளி பெரிதானால் படலம் தடிக்கும். சாய்வைக் குறைத்தால் மெலியும். வேகமாக இழுத்தால் தடிக்கும், நிதானமாக இழுத்தால் மெலியும். ரத்த ஸ்மியர் போட்டுப் பழகியவர் அந்த வேகத்தை அப்படியே கொண்டுவந்தால் விந்து ஸ்மியர் தடித்துப்போகலாம், ஏனென்றால் விந்தின் பிசுபிசுப்பு ஆளுக்கு ஆள் மாறும். தடித்த படலத்தில் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும், பின்னணித் திரவமே சாயத்தைக் குடித்து இருண்டு நிற்கும், உலர நேரமாகும். மெதுவாக உலரும் படலத்தில் வால்கள் மடிந்து தலைமேல் படிவதும் உண்டு. அதற்காக மிக மெலிதாக இழுத்தால் இருநூறு அணுக்களைத் தேடி ஸ்லைடு முழுக்க அலைய வேண்டியிருக்கும்.

எல்லா மாதிரிக்கும் ஒரே அளவு பொருந்தாது. மில்லிலிட்டருக்கு 2 கோடிக்கு மேல் அணுக்கள் இருந்தால் 5 மைக்ரோலிட்டர் போதும். குறைந்தால் 10 முதல் 20 வரை எடுக்கலாம். 20 லட்சத்துக்கும் கீழே போனால் சென்ட்ரிஃபியூஜில் புவியீர்ப்பைப் போல 600 மடங்கு விசையில் 10 நிமிடம் சுழற்றி, அடியில் படிந்ததைக் கொஞ்சம் திரவத்தில் கலந்து ஸ்மியர் போடுவார்கள். இழுத்தால் நூலாக நீளும் பிசுபிசுப்பான மாதிரியையும், குப்பையும் செல்துகள்களும் நிறைந்த மாதிரியையும் உப்புநீரில் நீர்த்துச் சுழற்றிக் கழுவுவது உண்டு. ஆனால் இங்கேதான் ஒரு சிக்கல். சுழற்றுவதும் கழுவுவதும் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றும். கழுவிய ஸ்லைடில் வந்த சதவீதத்தையும் கழுவாத ஸ்லைடில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது. மாதிரியைக் கழுவினால் அதை ரிப்போர்ட்டில் எழுத வேண்டும் என்பது விதி. எழுதாமல் விடும் லேப், படிப்பவருக்குக் கெடுதல் செய்கிறது என்பது என் எண்ணம்.

ஒரே ஸ்லைடோடு விட்டுவிடுவதும் இல்லை. குறைந்தது இரண்டு போட வேண்டும். ஒன்று உடையலாம், ஒன்றில் சாயம் சரியாகப் பிடிக்காமல் போகலாம். இரண்டையும் எண்ணி ஒப்பிடுவதில் இன்னொரு பயனும் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஸ்மியர் காற்றில் உலர்ந்ததும் 95% எத்தனாலில் குறைந்தது 15 நிமிடம் வைத்து நிலைநிறுத்துவார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காக எடுக்கும் பாப் ஸ்மியரை உலரவே விடாமல் ஈரத்தோடு ஆல்கஹாலில் போடுவது வழக்கம். அதே சாயம்தான் விந்துக்கும், ஆனால் இங்கே முதலில் உலர்த்துகிறார்கள். உலர்த்தும்போது சில விஷயங்கள் தொலைந்துபோகின்றன. உயிருள்ள அணுக்களில் பலவற்றின் கழுத்தருகே சைட்டோபிளாசத் துளி (செல்லின் உள்ளே இருக்கும் கூழ்ப்பொருளின் துளி) ஒன்று ஒட்டியிருக்கும், அது இயல்பானது. ஆனால் நீர்-உப்பு மாற்றத்துக்குச் சட்டென்று ஆட்படும் மென்மையான பொருள் என்பதால், காற்றில் உலரும்போது பெரும்பாலும் காணாமல் போய்விடும். உலர்ந்து சாயம் ஏறிய பிறகும் கழுத்தருகே பெரிய சைட்டோபிளாசத் திரள் தெரிந்தால், அது விந்தணு உருவாகும்போது உதிர்க்காமல் விட்ட மிச்சம். தலையின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பழுது. ஈரமாக மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு 'துளி இருக்கிறது, ஆகவே பழுது' என்று எழுதுவது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதே. வடிவத்தைச் சாயம் ஏற்றித்தான் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துவதற்கு இது ஒரு காரணம்.

சாயத்தில்தான் மிகுந்த வேலை இருக்கிறது. கையேடு முதலில் பரிந்துரைப்பது பாப்பனிகொலாவ் முறை; ஷோர் சாயமும் டிஃப்-குவிக் போன்ற விரைவுச் சாயங்களும் ஏற்கத்தக்கவை. பாப் முறையில் வேலை இப்படிப் போகும்: ஆல்கஹாலில் ஊறிய ஸ்லைடை 80%, பிறகு 50% எத்தனால், பிறகு தண்ணீர் என்று படிப்படியாக இறக்குவார்கள். அடுத்து வரும் ஹீமடாக்சிலின் என்ற சாயம் தண்ணீர் அடிப்படையிலானது என்பதால் இந்த இறக்கம். ஹீமடாக்சிலினில் 4 நிமிடம் இருந்தால் தலை முழுக்க நீலம் ஏறும், தேவைக்கு மேலேயே ஏறும். அந்த உபரியை அமிலம் கலந்த எத்தனாலில் முக்கி முக்கி எடுத்துக் கழற்ற வேண்டும். நாலு முதல் எட்டு முக்கு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு விநாடி. குறைவாக முக்கினால் தலை ஒரே கருநீலத் திட்டாக நின்று, அக்ரோசோம் எங்கே முடிகிறது, குமிழ் இருக்கிறதா என்று எதுவும் தெரியாது. அதிகமாக முக்கினால் தலையே வெளிறி, இருக்கும் அக்ரோசோமும் இல்லாததுபோல் தோன்றும். முழு வேலையிலும் எனக்கு மிகவும் அச்சமூட்டும் இடம் இந்தச் சில விநாடிகள்தான். பாட்டிலிலிருந்து புதிதாக ஊற்றிய சாயத்துக்கும், பத்து நாளாகப் பயன்பட்டுக் களைத்த சாயத்துக்கும் முக்குகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. அதனால் ஒவ்வொரு புதுக் கரைசலையும் தெரிந்த மாதிரி ஒன்றில் சோதித்துப் பார்க்காமல் நோயாளியின் ஸ்லைடை அதில் விடக்கூடாது.

அதன்பின் ஓடும் குழாய்த் தண்ணீரில் 5 நிமிடம். வெறும் கழுவல் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் தண்ணீரின் லேசான காரத்தன்மைதான் செவ்வூதாவாக இருக்கும் ஹீமடாக்சிலினை நீலமாக மாற்றி நிலைக்கச் செய்கிறது. குழாய்த் தண்ணீருக்கு அந்தத் தன்மை போதாவிட்டால் நீலம் எழும்பாது. அப்போது ஸ்காட் கரைசல் என்ற காரக் கலவையைப் பயன்படுத்துவார்கள். ஆக, லேபுக்கு வரும் தண்ணீரின் குணத்துக்கும் தலையின் நிறத்துக்கும் தொடர்பு உண்டு.

அதன்பின் திரும்பவும் ஆல்கஹால் படிகளில் ஏற்றம், ஏனெனில் அடுத்த இரண்டு சாயங்களும் ஆல்கஹாலில் கரைந்தவை: ஆரஞ்சு ஜி-6 ஒரு நிமிடம், பச்சையும் இளஞ்சிவப்பும் தரும் இ.ஏ-50 ஒரு நிமிடம். முடிவில் தூய ஆல்கஹால், சைலீன், பிசின், அதன்மேல் கவர்ஸ்லிப். சைலீனில் போட்டதும் திரவம் பால்போல் வெளுத்தால், எங்கோ தண்ணீர் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். ஆல்கஹாலை மாற்றிவிட்டுத் திரும்ப ஏற்ற வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அக்ரோசோம் வெளிர்நீலமாகவும், அதன் பின்பகுதி அடர்நீலமாகவும் பிரிந்து தெரியும். மிச்சச் சைட்டோபிளாசம் இருந்தால் இளஞ்சிவப்பாகவோ செவ்வாரஞ்சாகவோ நிற்கும். பாப் முறையை விட மனமில்லாதவர்கள் சொல்வது இந்தப் பிரிவைத்தான்.

ஆனால் இத்தனைக்கும் ஒரு மணி நேரம் போய்விடும். டிஃப்-குவிக் வகையில் மூன்று பாட்டில்கள், சில விநாடிகள், வேலை முடிந்தது. நெருக்கடியான லேபுகள் அதை விரும்புவதில் வியப்பில்லை. அதற்குரிய விலை, பின்னணி சற்று அழுக்காகத் தெரிவதும், தலைகள் வேறு அளவில் நிற்பதும். பாப் முறையில் ஆல்கஹால் தண்ணீரை உறிஞ்சுவதால் தலை உயிருள்ள நிலையைவிடச் சுருங்குகிறது. விரைவுச் சாயங்களில் தலை வீங்குகிறது. ஒரே ஆளின் ஒரே மாதிரியை இரண்டு விதமாகச் சாயமேற்றி அளந்த ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன. மேலே சொன்ன 4.1, 2.8 என்ற அளவுகள் பாப் சாயத்துக்கு உரியவை. அவற்றை விரைவுச் சாய ஸ்லைடின்மேல் அப்படியே போட்டால், ஒழுங்கான தலை 'பெருந்தலை' என்று விலக்கப்படலாம். கம்ப்யூட்டர் படம் பிடித்து அளக்கும் கருவிகளிலும் இதே கதைதான். ஒரு சாயத்துக்கு ஒத்திசைத்த கருவியில் வேறு சாயத்து ஸ்லைடை வைத்தால், மனிதக் கண்ணாவது சமாளித்துக்கொள்ளும், அது சமாளிக்காது.

இப்போது எண்ணிக்கை. நூறு மடங்கு எண்ணெய் லென்ஸில், ஒவ்வொரு ஸ்லைடிலும் 200 அணுக்கள். தலையும் வாலும் தெரியும் முழு அணுக்களை மட்டுமே எடுக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று விழுந்தவை, பக்கவாட்டில் சரிந்து கிடப்பவை, தலையற்ற வால்கள், முதிராத உருண்டைச் செல்கள் எதுவும் இந்த இருநூறில் சேராது. அழகான அணுக்களைத் தேடிப் போகக்கூடாது. பார்வையில் வரிசையாக விழுவதையெல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த 200-ஐ வைத்து ஒரு சின்னக் கணக்கு. இருநூறில் 8 இயல்பானவை என்றால் 4%. ஆனால் ஸ்மியர் பழுதற்றது, சாயம் ஒழுங்கு, பார்த்தவர் கைதேர்ந்தவர் என்று வைத்துக்கொண்டாலும், தற்செயலால் மட்டுமே உண்மையான சதவீதம் ஏறத்தாழ 2 முதல் 8 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டு ஸ்லைடுகளையும் எண்ணி 400 ஆக்கினால் அந்த வரம்பு சுமார் 2.3 முதல் 6.4 வரை குறுகும். ஒரு ஸ்லைடில் 3, மற்றதில் 6 என்று வந்தால் டெக்னீஷியன் தவறு செய்துவிட்டார் என்று ஆகாது. தற்செயலுக்குள் அடங்கும் வேறுபாடு அது. ஒன்றில் 2, மற்றதில் 15 என்று வந்தால் மட்டும் எங்கோ கோளாறு. இரண்டையும் திரும்ப எண்ண வேண்டும். இரண்டாவது ஸ்லைடின் பயன் இதுதான். இந்த வரம்பு தெரிந்த பிறகு, போன மாதம் 3, இந்த மாதம் 5, மாத்திரை வேலை செய்கிறது என்று மகிழ்வதற்கும், தலைகீழாக வந்தால் இடிந்துபோவதற்கும் இடமே இல்லை. மாற்றம் உண்மைதானா என்று பார்க்க விரும்புகிறவர் அதே லேபில், அதே சாயத்தில், அதே முறையில் திரும்பப் பார்ப்பதுதான் குறைந்தபட்சம்.

எண் இவ்வளவு தள்ளாடும் என்றால் இந்தப் பரிசோதனையே வீண் என்று சிலர் சொல்வார்கள். சதவீதம் என்ற ஒற்றை எண்ணை மட்டும் பிடித்துத் தொங்கினால் அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. 3-ஐ வைத்துக்கொண்டு ஒரு தம்பதிக்குக் குழந்தை பிறக்குமா, பிறக்காதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்லைடு திட்டவட்டமாகப் பேசும் இடம் வேறு. பார்க்கும் அணுக்கள் அனைத்துமே, அல்லது கிட்டத்தட்ட அனைத்துமே, ஒரே விதமாகப் பழுதாகியிருந்தால் அது தற்செயலோ கையின் பிசகோ அல்ல. எல்லாத் தலைகளும் உருண்டையாக, அக்ரோசோமே இல்லாமல் இருந்தால் அது குளோபோசூஸ்பெர்மியா, பலரிடம் டி.பி.ஒய்.19.எல்.2 என்ற மரபணு அழிந்திருப்பது காரணம். தலைகள் எல்லாம் பெருத்து, ஒன்றுக்குப் பல வால்களோடு வந்தால் ஆரோரா கைனேஸ் சி மரபணுவைச் சந்தேகிப்பார்கள். அந்த அணுக்களில் குரோமோசோம்கள் மிகுந்திருக்கும் என்பதால், முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் சிகிச்சையைக்கூட அவற்றைக் கொண்டு செய்ய வேண்டாம் என்று சொல்லப்படுகிறது. வால்கள் எல்லாம் குட்டையாகவோ சுருண்டோ இல்லாமலோ இருந்தால் டி.என்.ஏ.எச்.1 போன்ற மரபணுக்கள்.

இங்கேயும் தயாரிப்பு குறுக்கே வரும். அமில எத்தனாலில் ஐந்தாறு முக்கு கூடிப்போன ஸ்லைடில் எல்லாத் தலைகளும் அக்ரோசோம் இழந்ததுபோல்தான் தெரியும். ஈரமான டப்பாவில் வந்த மாதிரியில் வால்கள் கூட்டமாகச் சுருண்டிருக்கும். அதனால் ஒரே மாதிரியான பழுதைக் கண்டதும் கவனமுள்ள லேப் உடனே ரிப்போர்ட் எழுதாது. முதலில் அதே தொகுதியில் சாயம் ஏறிய பிறருடைய ஸ்லைடுகளை எடுத்துப் பார்க்கும். அவற்றில் அக்ரோசோம் ஒழுங்காகத் தெரிந்தால் சாயத்தில் குறையில்லை. பிறகு புதிய மாதிரி கேட்டு, புதிய டப்பாவில் வாங்கி, புதிய ஸ்மியர் போடும். அதிலும் அதே உருவம் வந்தால் அடுத்து மரபணுப் பரிசோதனை.